ஒரு வாய்த் தீனி

குருத்து ஞாயிறு அன்று ஆண்டனிராஜ் சொன்ன வார்த்தை, ஐந்து நாளாகியும் ஜெயமேரியின் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

"சராசரி ரெண்டு கிலோ வரட்டும்மா, நான் இங்கயே இருந்துக்கிறேன். வரலையா, திங்கக்கிழமை கிளம்பிருவேன். அதுக்கப்புறம் அழுது என்னைய நிப்பாட்டக் கூடாது."

ரெண்டு கிலோ என்றால் கோழி. கிளம்புவது என்றால் சவுதி. கோழியின் எடையில் பெற்றவளின் வயிற்றைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, போய்ப் படுத்து நிம்மதியாகத் தூங்கியும் விட்டான் அந்த மகராசன்.

அவனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் பன்னிரண்டு வருடம் உழைத்தவன். அதை இழுத்து மூடியபோது கைக்கு வந்ததைக் கொண்டு, எரியோடு சாலையில் அப்பா வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் கோழி ஷெட் போட்டான். முதல் தடவை விட்ட குஞ்சுகளைச் சீக்கு கொண்டுபோனது. இரண்டாம் தடவை கோழி வந்தது, விலை வரவில்லை. மூன்றாம் தடவைக்குள் அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஸ்டீபன்ராஜ் தம்மாமிலிருந்து விசா அனுப்பி வைத்தான். அங்கேயும் கோழிப் பண்ணை வேலைதான். இங்கே சொந்தக் கோழியை வளர்த்துச் சலித்தவன் அங்கே போய் யாருடைய கோழியையோ வளர்க்கப் போகிறானாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜெயமேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி வரும்? இரண்டே வருடம் என்று சொல்லிப் போன ஸ்டீபன்ராஜுக்கு ஏழு வருடம் ஓடிவிட்டது. போன வருடம் அவள் புருஷன் அருள்நாதனைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் மூத்த பிள்ளை ஃபோனில்தான் அழுதான். போன பிள்ளை திரும்பாது என்று அவளுக்கு முடிவாகத் தெரிந்துபோயிருந்தது. மிச்சம் இருப்பது இவன் ஒருவன்.

இந்த வீட்டில் நம்பிக்கை என்று ஒன்று இருந்ததென்றால் அது மருமகள் ரீனாவிடம்தான் இருந்தது.

"இந்த ஒரு தடவை எங்கிட்ட விட்டுருங்க" என்று புருஷனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள் அவள். ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் நாற்பது பக்கம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவள். அவள் கணக்கு வேறு மாதிரி இருந்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று குஞ்சு இறக்கினால், ஈஸ்டருக்கு முந்தின நாள் அதற்கு நாற்பத்தைந்து நாள். தவக்காலம் முழுக்கக் கறி தொடாத சனம், ஈஸ்டர் காலையில் கறிக்கடையில் வரிசை கட்டி நிற்கும். அதற்கு முந்தின நாள் விடியலில் கோழியை எடுக்க வியாபாரி நைனா முகமதுவிடம் முன்னாடியே சொல்லி வைத்துவிட்டாள்.

தீனியையும் கடையில் வாங்காமல் தானே கலந்தாள். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். குஞ்சாக இருந்தபோது புண்ணாக்கு தூக்கலாக. கடைசி மூன்று வாரம் மக்காச்சோளம் தூக்கலாக, கூடக் கொஞ்சம் எண்ணெய். "முதல்ல எலும்பும் சதையும் வளரணும் அத்தை, அப்புறம் அது மேல எடை ஏறணும்" என்பாள். மாவு பிசைகிற மாதிரி இரண்டு கையாலும் தீனியைப் பிசைந்து, மோந்து பார்த்து, திருப்தியானால்தான் தட்டில் கொட்டுவாள்.

வியாழன் சாயங்காலம் பத்துக் கோழியைப் பிடித்து நிறுத்துப் பார்த்தார்கள். சராசரி ஒரு கிலோ தொள்ளாயிரம்.

இன்னும் நூறு கிராம். ஒரு கை நிறையப் பொரிகடலை அளவு. அந்த அளவுதான் ஜெயமேரிக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவில் இருந்தது.

*

பெரிய வெள்ளி விடிந்தபோதே வெயில் சுள்ளென்று அடித்தது. ஏப்ரல் இருபத்தொன்று. காலை எட்டு மணிக்கே ஷெட்டின் தகரக் கூரை மடமடவென்று சத்தம் போட்டது.

பத்து மணிக்கு ரீனா வந்து தீனித் தட்டுகளை மேலே ஏற்றினாள். வரிசைக்குப் பன்னிரண்டு தட்டு, நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கயிறு. கயிற்றை இழுத்துத் தூணிலுள்ள கொக்கியில் முடிச்சுப் போட்டு மாட்டினால், பன்னிரண்டு தட்டும் ஒன்றாக ஆள் நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும். கோழிக்கு எட்டாது.

வீட்டு வாசலில் ஆண்டனிராஜ் வண்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். டவுனில் ரீனாவின் அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ரீனாவை அங்கே இறக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் போட ஐஸ் பாளம் வாங்கிக்கொண்டு அவன் ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும். ரீனா மூன்று மணிக் கோயில் வழிபாட்டை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள்.

"நான் கோழியப் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் ஜெயமேரி.

"நீங்க கோயிலுக்கு வரலையா அத்தை? பெரிய வெள்ளிக்குப் போகாம இருக்க மாட்டீங்களே?"

"ஆண்டவருக்குத் தெரியும். எம்புள்ளைக்காகத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

ரீனா கொஞ்சம் தயங்கினாள். பிறகு விரலை மடக்கிச் சொன்னாள்.

"அரை மணிக்கு ஒரு தடவை பக்கவாட்டுல தொங்குற சாக்குப் படுதாவுல தண்ணி அடிங்க. குடிக்கிற தண்ணி காலியாகாமப் பாத்துக்குங்க. தட்டு மட்டும் மேலயே இருக்கட்டும். ஆறு மணிக்கு நானே வந்து இறக்கிக்கிறேன்."

"ஆறு மணி வரைக்குமா பட்டினி போடுவ?"

"வெயில்ல தின்னா ஆகாது அத்தை."

ஆண்டனிராஜ் வெளியே ஹாரன் அடித்தான். ரீனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். தினமும் இந்த நேரத்தில் ஷெட்டில் ரீனாதான் இருப்பாள், ஜெயமேரி அடுப்படியில் இருப்பாள். அதனால் ஏன் ஆகாது என்று இவளும் இதுவரை கேட்டதில்லை, அவளும் உட்கார வைத்துச் சொன்னதில்லை.

ஆகாது.

அந்த வார்த்தையை ஜெயமேரிக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் இருந்தது.

*

போன வருடம் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அருள்நாதன் கிடந்தார். வயிற்றில் ஆபரேஷன். அதுவரை வாயில் எதுவும் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். 'ஒண்ணும் குடுத்துராதீங்கம்மா, ஆகாது.'

ஒன்றரை நாள் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கடைசியில், பிள்ளை ஆண்டனிராஜும் பக்கத்தில் நிற்க, அவள் கையைப் பிடித்துக் கேட்டார். "ஒரு வாய் கஞ்சி குடு ஜெயமேரி. ஒரே ஒரு வாய்."

அவள் கொடுக்கவில்லை. சொன்னதைக் கேட்டாள். நல்லதுக்குத்தானே சொல்கிறார்கள் என்று உதட்டில் ஈரத் துணியை மட்டும் ஒற்றினாள். அன்று சாயங்காலம் உள்ளே கொண்டுபோனார்கள். திரும்ப வெளியே கொண்டுவந்தபோது அவர் இல்லை.

ஒரு வாய் கஞ்சி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? மாட்டார். அது அவளுக்கே தெரியும். ஆனால் பசியோடு போயிருக்க மாட்டார். நாற்பது வருடம் சோறு போட்ட கை, கடைசி ஒரு வாயைக் கொடுக்காமல் விட்டது. ஒரு வருடமாக எந்தச் சோற்றில் கை வைத்தாலும் அவளுக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில், நான்காம் தடவை படுதாவை நனைத்துவிட்டு அவள் ஷெட்டுக்குள் வந்து நின்றாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஒருசந்தி விரதம். வயிறு ஒட்டிக் கிடந்தது.

கோழிகள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிற்பாடு நினைத்தாள். இரண்டாயிரம் கோழியும் தட்டுக்கு நேர் கீழே வட்டம் வட்டமாக நின்றுகொண்டிருந்தன. தட்டு தொங்கும் இடத்திலெல்லாம் ஒரு வட்டம். அவ்வப்போது ஒன்று கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். பிறகு தலையைக் குனிந்துகொள்ளும். பிறகு இன்னொன்று பார்க்கும்.

'நான் ஒருசந்தி இருக்கேன், சரி. எனக்குப் பாவம் இருக்கு. இதுக என்ன பாவம் பண்ணுச்சு?'

அந்த நினைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நினைப்பும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு விடிகாலை நாலு மணிக்குத் தராசு வந்துவிடும். இன்னும் நூறு கிராம் ஏற வேண்டும். எட்டு மணி நேரம் தின்னாமல் நின்றால் எடை எங்கிருந்து ஏறும்? இந்தப் பொண்ணு படித்ததைச் சொல்கிறாள். தின்னாத வாய்க்கு எங்கே சதை பிடிக்கும்?

அவள் முதல் வரிசைக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.

ஒரு வரிசை மட்டும்தான், ஒரு வாய் மட்டும்தான் என்று நினைத்துத்தான் அவிழ்த்தாள். தட்டு இறங்கியதும் கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு பாய்ந்தன. அடுத்த வரிசைக் கோழிகளும் இந்தப் பக்கம் ஓடிவந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறின. மிதிபட்டுச் செத்துவிடப் போகிறதே என்று இரண்டாம் வரிசையையும் இறக்கினாள். பிறகு மூன்றையும் நான்கையும்.

ஷெட் முழுக்கக் கொத்துகிற சத்தம் கேட்டது. ஓட்டு மேல் மழை விழுகிற மாதிரி ஒரே சீரான சத்தம். மஞ்சளாக இருந்த தட்டுகள் கண்ணெதிரே காலியாகின. ஜெயமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் மனசு குளிர்ந்தது.

"தின்னுங்க, தின்னுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

*

ஒரு மணிக்கு ஆண்டனிராஜ் வரவில்லை. ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்ததால் பாளத்தைத் தேடிக் கொடைரோடு வரைக்கும் போய்விட்டான். அது அவளுக்குத் தெரியாது.

வாசலில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டித் துக்க தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, உள்ளே சத்தம் மாறியது தெரிந்தது. கொத்துகிற சத்தம் நின்று, இரைக்கிற சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தாள்.

எல்லாக் கோழியும் வாயைப் பிளந்திருந்தன. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி விரித்துக்கொண்டு, கழுத்து துடிக்கத் துடிக்க மூச்சு வாங்கின. அவள் கண்முன்னே ஒன்று எழுந்தது, இரண்டடி ஓடியது, படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்தது. காலை ஒருமுறை உதறியது. அவ்வளவுதான்.

அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். கை சுட்டது. உயிருள்ள உடம்பு இம்புட்டுச் சூடாக இருக்குமா? கழுத்தடியில் தீனிப்பை கல்லாகப் புடைத்து நின்றது.

அப்போதுதான் அந்த 'ஆகாது'க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கியது. கோழிக்கு வேர்க்காது. தின்ற தீனி வயிற்றுக்குள் செரிக்கும்போது அதுவே ஒரு அடுப்பாக எரியும். வெளியே தகரக் கூரையின் அனல், உள்ளே தின்றதன் அனல். நடுவில் மாட்டிக்கொண்ட உயிர் எங்கே போகும்?

குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். படுதாவில் அடித்தாள். கோழிகளின் மேலேயே ஊற்றினாள். இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் விழுந்தன. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் விழுந்தன. மாதாவைக் கூப்பிட்டாள். செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டாள். சாலையில் ஒரு ஈ காக்கா இல்லை, ஊரே கோயிலுக்குப் போயிருந்தது.

இரண்டரை மணிக்கு ஆண்டனிராஜ் ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்னம்மா ஆச்சு?"

அவன் கண் கோழிகளின் மேல் போய், தட்டுகளின் மேல் போயிற்று.

"தட்டு ஏன் கீழ கெடக்கு? ரீனா ஏத்தாமலா போனா?"

இந்த இடத்தில்தான் ஜெயமேரி வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பயந்துவிட்டாள். வேறு காரணம் கிடையாது. ஈரக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பேசாமல் நின்றாள்.

அவன் அந்த மௌனத்தை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டான்.

*

மூன்றே முக்காலுக்கு ரீனா வந்தாள். வழிபாட்டு முடிவில் சிலுவையை முத்தமிடக்கூட நிற்கவில்லையாம். கோயிலுக்குள்ளேயே சனம் மயங்கி விழுந்த வெயிலைப் பார்த்ததும் மனசு கேட்காமல் ஓடி வந்திருக்கிறாள். செத்த கோழிகளை ஆண்டனிராஜ் கூடை கூடையாகப் பின்பக்கம் கொண்டுபோய்க் குவித்துக்கொண்டிருந்தான். எழுநூறுக்கு மேல் இருக்கும்.

ரீனா குவியலிடம் குனிந்தாள். ஒரு கோழியைத் தூக்கிக் கழுத்தடியை அமுக்கிப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். பிறகு எழுந்து ஷெட்டுக்குள் போய்த் தூணிலிருந்த கொக்கியைப் பார்த்தாள். அவள் போடும் முடிச்சு அவளுக்குத் தெரியாதா? அது அவிழ்ந்து தொங்கியது. கடைசியாக மாமியாரைப் பார்த்தாள்.

ஜெயமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் ரீனா, தட்டை ஏத்தாமப் போயிட்டியா?" ஆண்டனிராஜ் வாசலில் நின்று கேட்டான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

ரீனா அவிழ்ந்து தொங்கிய கயிற்றைத் தூணோரம் ஒதுக்கினாள்.

"ஆமாங்க. அம்மாவுக்குக் காய்ச்சல்ங்கிற அவசரத்துல… மறந்துட்டேன்."

"மறந்துட்ட."

"ஆமா."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். நாற்பத்தி நாலு நாள் ராவும் பகலும் இந்தக் கோழிகளோடு கிடந்தவள் இதைப் போய் மறந்தாளா என்று அந்தப் பார்வை கேட்டது. வாய் கேட்கவில்லை.

"சரி" என்றான். "குழி வெட்டணும். இருட்டுறதுக்குள்ள மூடலைன்னா நாய் இழுக்கும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சவுதிக்கென்று எடுத்து வைத்த பாஸ்போர்ட் இருந்த சட்டையைக் கழற்றி, மடித்து, பத்திரமாக வேப்பங்கிளையில் தொங்கவிட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தான்.

*

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஜெயமேரி மருமகளின் கையைப் பிடித்தாள்.

"ஏந்தாயி பொய் சொன்ன?"

"என்ன பொய்?"

"என்னைய ஏமாத்தாத ரீனா. நான்தான் இறக்குனேன். மேல பாத்துக்கிட்டே நின்னுச்சுக… அவரு பாத்த மாதிரி. எனக்குத் தாங்கல."

ரீனா மிச்சமிருந்த ஐஸ் பாளத்தின் மேலிருந்த உமியைத் தட்டித் தட்டிக் கழுவினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. நாற்பத்தி நாலு நாள் உழைப்பு. அவளுக்கு மட்டும் வலிக்காதா?

"தெரியும் அத்தை. கொக்கியப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் ஏன்?"

"உங்க மேல கோவமாப் போனாருன்னா, அது அவர் மனசுல கெட்டியாயிரும். உங்கள்ட்டப் பேச மாட்டாரு. சவுதியில இருக்கிற பெரியவுக மாதிரி வருஷக்கணக்கா வராமயே இருந்துருவாரு. எம்மேல கோவம்னா நாலு ஃபோன்ல சரியாயிரும். புருஷன் பொண்டாட்டி சண்டை எம்புட்டு நாளைக்கு?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எம்மேலயும் தப்பு இருக்கு. ஆகாதுன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டு ஓடிட்டேன். ஏன்னு சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க."

இந்தப் பெண்ணை ஜெயமேரி எட்டு வருடமாகப் பார்க்கிறாள். குழந்தை இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பியிருக்கிறாள். ஒருநாள்கூட உட்கார வைத்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

அவள் எழுந்தாள். ஈரச் சேலையோடு பின்பக்கம் நடந்தாள்.

"அத்தை, வேணாம்…" என்று ரீனா பின்னாலேயே வந்தாள்.

ஆண்டனிராஜ் இடுப்பளவுக் குழிக்குள் நின்றான். முதுகில் வேர்வை மண்ணோடு கலந்து வழிந்தது.

"அப்பு."

அவன் நிமிரவில்லை.

"தட்டை இறக்குனது நான்தான் அப்பு. அவ பத்து மணிக்கே ஏத்திட்டுத்தான் போனா. நான் பன்னெண்டு மணிக்கு இறக்கிட்டேன். நீ கேட்டப்பவும் சொல்லல. பயந்துட்டேன்."

மண்வெட்டி மண்ணுக்குள் இறங்கி அப்படியே நின்றது. ஒரு பெரிய மூச்சு விட்டான்.

"எதுக்கும்மா?"

"பசிச்சு நின்னுச்சுக. நாளைக்கு ரெண்டு கிலோ வரணும்னும் நெனச்சேன். ரெண்டு கிலோ வந்தா நீ போக மாட்டேன்னு…"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் குழிக்குள்ளிருந்து அம்மாவை அண்ணாந்து பார்த்தான். மதியம் தட்டுக்குக் கீழே நின்ற கோழிகள் பார்த்ததும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அப்பா பார்த்ததும் அப்படித்தான்.

"அப்பாவுக்குக் குடுக்காத கஞ்சிய இதுகளுக்கு ஊத்துனியாம்மா?"

திட்டினானா, ஆற்றினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு அவன் மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்தான். ரீனாவின் பக்கம் மட்டும் ஒருதரம் திரும்பினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலி கூடையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

மூவரும் சேர்ந்துதான் குழியை மூடினார்கள். ஆண்டனிராஜ் சாலை முக்குக் கடைக்குப் போய் நைனா முகமதுவுக்கு ஃபோன் பண்ணிவிட்டு வந்தான். "இருக்கிறத எடுத்துக்கிறேன், காலையில நாலு மணிக்கு வண்டி வரும்னாரு பாய்" என்று பொதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு வேப்பங்கிளையில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பாஸ்போர்ட் அதற்குள்தான் இருந்தது.

ஜெயமேரிக்கு அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடும் இல்லை. ரீனா கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து நீட்டியபோது, "எனக்கு எறங்காது தாயி" என்றாள்.

"ஒரு வாய் அத்தை."

அந்த வார்த்தைக்கு அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. டம்ளரை வாங்கி முதலில் ரீனாவின் வாயில் வைத்தாள். ரீனா ஒரு மடக்குக் குடித்தாள். மிச்சத்தை இவள் குடித்தாள்.

வெயில் இறங்கியது. மலைக் கோம்பைப் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்தது. பிழைத்த கோழிகள் மெல்ல எழுந்து, இறக்கையைச் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் தட்டுக்குக் கீழே வந்து வட்டம் கட்டின. காலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற வட்டங்கள் இப்போது நடுவில் ஓட்டையாக இருந்தன.

"ஆறு மணியாச்சு அத்தை" என்றாள் ரீனா. தட்டுகளை ஏற்றி, புதுத் தீனி கொட்டி, தயாராக வைத்திருந்தாள். "இறக்குங்க. இப்பத் திங்கலாம். ராத்திரி பூரா தின்னா இதுக ரெண்டு கிலோவத் தாண்டிரும்."

ரெண்டு கிலோ என்றதும் வாசலில் நின்ற ஆண்டனிராஜ் வேறு பக்கம் பார்த்தான்.

ஜெயமேரி தூணிடம் போனாள். கயிற்றில் கை வைத்தாள். மதியம் சந்தோஷமாக முடிச்சை அவிழ்த்த அதே விரல்கள் இப்போது அதைத் தொடவே பயந்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் கையின் மேல் விழுந்தது. மண்ணும் காய்ப்புமாகச் சொரசொரத்த கை. அது அவள் விரலைப் பிடித்து, முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒவ்வொரு வரிசையாகத் தட்டுகள் இறங்கின. கொத்துகிற சத்தம் மறுபடி கேட்டது, மதியத்தைவிடக் குறைவாக.

அவன் போறேன் என்றும் சொல்லவில்லை, போகலை என்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டின் விளிம்பு அவள் தோளில் இடித்தது.

ஜெயமேரி நான்கு வரிசையும் இறங்கி முடிந்த பிறகும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள் இருந்தது.